பூனைகளுடன் வான் பிடித்து மலைநாடு செல்வோருக்கு

சித்திரை விடுமுறையில் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளிலிருந்து குடும்பமாக வான் பிடித்து நுவரெலியாவுக்குச் செல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. பின்னிருக்கைகளை மடித்து மெத்தை விரித்து வானிலேயே இரவைக் கழிப்பவர்களும் இருக்கின்றார்கள். வீட்டுப் பூனைகளை அயலவரிடம் விட்டுச்செல்ல மனமில்லாதவர்கள் அவற்றையும் கூட்டிச் செல்லலாம். ஆனால் பயணத்தைத் திட்டமிடும் முன்பே ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: நுவரெலியா செல்வோர் பார்க்கப் போகும் ஹோர்ட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குள் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. அங்கே சிறுத்தையும் காட்டுப்பூனை இனங்களும் வாழ்கின்றன. வீட்டுப் பூனையின் தொற்றுநோய்கள் அவற்றுக்கும் பரவக்கூடியவை என்பதால் இந்த விதி மிகவும் நியாயமானது. வானுக்குள்ளேதானே இருக்கிறது என்று சொல்லி நுழைவாயிலைத் தாண்டிப் பூனையைக் கொண்டுசெல்வதும் விதிமீறலே.

ஆகவே வான் பூங்காவுக்கு வெளியே நிற்க வேண்டும். ஒருவராவது பூனைகளுடன் இருக்க வேண்டும். பூங்காவுக்குள் ‘உலக முடிவு’ (World's End) எனப்படும் செங்குத்தான பள்ளத்தைப் பார்த்துச் சுற்றிவரும் நடைபாதை ஏறத்தாழ 9 கிலோமீற்றர். நடந்து முடிக்க மூன்று மணித்தியாலம் வரை செல்லும். காலை ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிப் பள்ளத்தை மறைத்துவிடுவதால், ஒரே காலையில் இரு குழுக்கள் மாறிமாறிச் சென்றால் இரண்டாவது குழு வெண்மையைத் தவிர வேறெதையும் காணாது. இரண்டு இரவுகள் தங்கி, குழுவுக்கு ஒரு காலையாகப் பிரித்துக்கொள்வதே சரியான ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து. தங்குவதற்குப் பூங்காவுக்கு அருகிலுள்ள பட்டிப்பொலவிலோ நுவரெலியாவிலோ ஒரு விடுதியின் முற்றத்தை உரிமையாளரிடம் கேட்டுப் பெற்றுக்கொண்டு, காலையில் பூங்காவுக்குச் செல்வோருக்கு வேறு வாகனம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர்களில் பூனையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்வதென்றால் உரப்பையில் போட்டு வாயைக் கட்டுவார்கள். இந்தப் பயணத்துக்கு அது கூடவே கூடாது. காற்றின்றிச் சூடேறுவதோடு, பூனை அந்தப் பயத்தை மறப்பதும் இல்லை. ஒரு பூனைக்கு ஒரு கூடு வேண்டும். எழுந்து நின்று திரும்பிப் படுக்க இடம் இருந்தால் போதும். புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே கூட்டை வீட்டு விறாந்தையில் திறந்து வைத்து, நீங்கள் உடுத்திக் கழுவாத பழைய சாரம் ஒன்றை உள்ளே விரித்து, மீன் துண்டை அதற்குள்ளேயே வையுங்கள். பூனை தானாகப் போய்ப் படுக்கத் தொடங்கிய பின்னர், வானில் ஏற்றிச் சந்திவரை ஒருமுறை, பக்கத்து ஊர்வரை ஒருமுறை என்று ஓடிப் பழக்குங்கள். வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அதற்கான அட்டையையும் கையில் வைத்திருங்கள்.

முற்றத்து மணலில் பழகிய வன்னிப் பூனை, மலசலம் கழிக்கவெனக் கடையில் வாங்கிய மண்ணைத் தொடாமல் பிடிவாதமாக அடக்கி வைத்திருக்கக்கூடும். அது வழக்கமாகத் தோண்டும் இடத்து மணலிலேயே ஒரு வாளி அள்ளிச்சென்று தட்டையான பிளாஸ்டிக் தட்டில் பரப்பி வைத்தால், அந்த மணமே வேலையை முடித்துவிடும்.

ஏ-9 வீதியில் வெய்யில்தான் பெரிய எதிரி. விடியுமுன் நான்கு மணிக்குக் கிளிநொச்சியை விட்டால் மாங்குளம், வவுனியா, தம்புள்ளை ஆகியவற்றைச் சூடு ஏறுமுன் கடந்துவிடலாம். பூனையின் உடலில் வியர்வை பாதங்களில் மட்டுமே சுரக்கும்; வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்தின் அறிகுறி. உடனே நிழலில் நிறுத்தி, ஈரத் துவாயால் பாதங்களையும் வயிற்றையும் துடைத்து, மிருக வைத்தியரை நாட வேண்டும். தேநீர் குடிக்க இறங்கும் சிறு பொழுதில்கூட, மூடிய வானில் பூனையைத் தனியே விடக்கூடாது.

கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக ஏறும்போது வளைவுகள் தொடர்ந்து வருவதால் பூனைகள் வாந்தி எடுப்பதுண்டு. வளர்ந்த பூனைக்கு அதற்கு மூன்று, நான்கு மணித்தியாலம் முன்பே உணவை நிறுத்திவிடலாம், தண்ணீரை நிறுத்தக்கூடாது. கூட்டை இருக்கைப் பட்டியால் இறுக்கிக் கட்டி, மேலே துணி போர்த்தி, சாரதியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். ஓடும் வானில் கூட்டைத் திறந்தால் பூனை பிரேக் மிதிக்கு அடியில் புகுந்துவிடலாம். மிகவும் பயந்த பூனைக்கு வைத்தியர் எழுதிக்கொடுக்கும் மருந்தைத் தவிர எதையும் கொடுக்க வேண்டாம். பனடோல் ஒரு குளிசையே பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குரிய உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் அதுவும் பூனைக்கு நஞ்சு.

நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலும், ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கு மேலும் இருக்கின்றன. தை, மாசி அதிகாலைகளில் அங்கே புல்லில் உறைபனி படிவதுண்டு. வன்னி வெக்கையில் வளர்ந்த பூனைக்கு அது முற்றிலும் புதியது. கம்பளித் துணியும், துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலும் போதும். மூடிய வானுக்குள் கரிச்சட்டியையோ எரிவாயு அடுப்பையோ எரித்துக் குளிர்காய்வது மனிதருக்கும் பூனைக்கும் உயிராபத்து. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. விடுதி மேசையில் லில்லிப் பூ இருந்தால் அகற்றச் சொல்லுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும்.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் கதவு திறந்த கணத்தில் பூனை பாய்ந்து ஓடிவிட்டால், துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் தூரம் போகும். பெரும்பாலும் அது அருகிலேயே பற்றைக்குள்ளோ கட்டடத்தின் அடியிலோ ஒடுங்கியிருக்கும். வானை அதே இடத்தில் நிறுத்தி, கூட்டைத் திறந்து உங்கள் சாரத்தையும் மீனையும் உள்ளே வைத்துவிட்டு, சந்தடி அடங்கியபின் டோர்ச் வெளிச்சத்தைத் தாழ்வாக அடித்துப் பாருங்கள்; கண்கள் மின்னும். கழுத்துப் பட்டியில் தொலைபேசி இலக்கம் எழுதியிருக்க வேண்டும். அண்மையில் எடுத்த படம் ஒன்றும் கைபேசியில் இருந்தால், அயலிலுள்ள தோட்டக் குடியிருப்புகளில் காட்டி விசாரிக்கலாம்.