வலி குறைந்த நாள்தான் வில்லங்கம்

ரங்கூனில் எங்கள் வீடு 4-வது மாடி, லிஃப்ட் கிடையாது. 3 வருட இடுப்பு வலியை விட, கூடவே வந்த அசதிதான் என்னை வாட்டியது. வலி தூக்கத்தைக் கெடுக்கும்; தூக்கம் கெட்டால் அதே வலி மறுநாள் இன்னும் சுருக்கென்று தைக்கும்.

தப்பு என்னிடமும் இருந்தது. கொஞ்சம் தேவலை என்றதும் தெயின்ஜி சந்தைக்கு ஓடி, அரிசி, எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே நடையில் சுமந்து ஏறுவேன். அப்புறம் 3 நாள் படுக்கைதான்.

இப்போது 20 நிமிடம் வேலை, 10 நிமிடம் ஓய்வு. வலி வரும்வரை காத்திருப்பதில்லை. நல்ல நாளிலும் அதே கணக்கு. (மாமியாருக்கு இது சோம்பேறித்தனம். சரி, இருக்கட்டும்.) சாமான் பையை பால்கனிக் கயிற்றில் மாட்டிவிட்டுக் குரல் கொடுப்பேன், மகள் மேலே இழுத்துக்கொள்வாள். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் சாயங்காலம் காளி கோயில்வரை நடந்துவரத் தெம்பு மிஞ்சுகிறது.