டாஷ்போர்டு: இழுத்து வைக்க முடியாதவர் என்ன செய்வார்?

எண்களையும் வரைபடங்களையும் பெட்டி பெட்டியாகக் காட்டும் டாஷ்போர்டில் பெட்டிகளை இடம் மாற்றலாம், வேண்டாததை மறைக்கலாம், எழுத்தைப் பெரிதாக்கலாம். இந்த வசதிகள் அதிகம் தேவைப்படுவது பார்வை குறைந்தவருக்கும், கை நடுங்குபவருக்கும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை நம்பி வேலை செய்பவருக்கும்தான். பல டாஷ்போர்டுகளில் இவை அவர்களுக்கே எட்டுவதில்லை. காரணம், எல்லாமே மவுஸால் இழுத்து வைப்பதை நம்பிக் கட்டப்பட்டிருக்கும்.

இணைய அணுகல் வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி.யின் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது. இழுப்பதே இன்றியமையாத வேலைகளைத் தவிர, இழுத்துச் செய்கிற எந்த வேலைக்கும் இழுக்காமலே, தட்டிச் செய்கிற வழி ஒன்று வேண்டும் என்கிறது அதன் 2.5.7 விதி. இங்கே பலர் சறுக்குகிறார்கள்: அம்புக்குறி விசைகளால் நகர்த்தும் வசதியைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். போனில் விரலால் தட்டுபவரிடம் கீபோர்டு ஏது? ஒவ்வொரு பெட்டியின் தலைப்பிலும் ‘இடம் மாற்று’ என்று ஒரு பட்டன் வையுங்கள். தட்டினால் மேலே, கீழே, முதலிடம், கடைசி இடம் என்று நான்கு தேர்வுகள் வரட்டும். அசல் பட்டனாகவே செய்தால் கீபோர்டிலும் அப்படியே வேலை செய்யும். பட்டனின் அளவு குறைந்தது 24க்கு 24 பிக்சல். இடமிருந்தால் 44 கொடுங்கள்.

பட்டன் வைத்த பிறகும் ஒரு குழி இருக்கிறது. ஆறு பெட்டிகளில் மூன்றாவதான ‘விற்பனை’யை ஒருவர் கீபோர்டிலேயே மேலே நகர்த்துகிறார் என்று வையுங்கள். நிரல் அந்தப் பெட்டியைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டதும் ஃபோகஸ், அதாவது கீபோர்டு இப்போது எதன்மேல் நிற்கிறது என்ற குறி, காணாமல் போகிறது. அடுத்து டேப் விசையை அழுத்தினால் சில உலாவிகளில் பக்கத்தின் தொடக்கத்துக்கே போய்விடுவார். இன்னொரு படி மேலே போக, மெனு, தேடல் எல்லாவற்றையும் மறுபடி தாண்டி வரவேண்டும். அதனால் நகர்த்தி முடித்ததும் ஃபோகஸை அதே பட்டனுக்கே திருப்பிக் கொடுங்கள். பெட்டி முதலிடத்தை எட்டியதும் ‘மேலே’ முடங்கிவிடும். அப்போது ‘கீழே’ பட்டனுக்குக் கொண்டுபோங்கள். பெட்டியை நீக்கினால் அடுத்த பெட்டியின் தலைப்புக்கு.

நகர்ந்ததைச் சொல்லவும் வேண்டும்: “விற்பனை, 6 இடங்களில் 2ஆவது”. இதை வாசிக்க வைக்கும் அறிவிப்புப் பகுதி, பக்கம் திறக்கும்போதே வெறுமையாக அங்கே இருக்க வேண்டும். செய்தியோடு சேர்த்து அப்போதுதான் உருவாக்கினால், பல ஸ்கிரீன் ரீடர்கள் வாயே திறக்காது.

கண்ணுக்குத் தெரியும் வரிசையை மட்டும் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் மாற்றிவிட்டு, பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தாங்கும் எச்டிஎம்எல் வரிசையைத் தொடாமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. திரையில் ‘விற்பனை’ முதலில் இருக்கும். டேப் அழுத்தினால் மூன்றாவதாகத்தான் வரும். வரிசையை எச்டிஎம்எல்லிலேயே மாற்றுங்கள்.

தானாகப் புதுப்பிக்கும் எண்களுக்கெல்லாம் அறிவிப்பு வைக்காதீர்கள். பத்துப் பெட்டிகள் ஐந்து விநாடிக்கு ஒருமுறை மாறினால், கேட்பவருக்கு ஓயாத பேச்சுதான் மிஞ்சும். எந்த எச்சரிக்கையைக் கேட்க வேண்டும் என்பதைப் பயனரே தேர்ந்தெடுக்கட்டும். புதுப்பிப்பை நிறுத்திவைக்க ஒரு பட்டன் கட்டாயம் வேண்டும்.

நிறத்தைப் பயனரே தேர்வு செய்யலாம் என்று விடுவது நல்லதுதான், ஆனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளிர்வு வேறுபாட்டு விகிதத்தைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். வெள்ளைப் பின்னணியில் #777777 சாம்பல் 4.48:1 மட்டுமே, சாதாரண எழுத்துக்கு வேண்டிய 4.5ஐ அது தொடவில்லை. #767676 தேறிவிடும். கண்ணால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. வரைபடக் கோடுகளுக்கு 3:1 போதும். ஏற்றம் பச்சை, இறக்கம் சிவப்பு என்று விட்டுவிடாமல் அம்புக்குறியோ சொல்லோ சேருங்கள். கேன்வாஸில் (வெறும் படமாக வரையும் எச்டிஎம்எல் பகுதி) வரைந்த வரைபடம் ஸ்கிரீன் ரீடருக்கு வெற்றிடம், பக்கத்திலேயே அட்டவணையும் கொடுங்கள்.

தமிழ் டாஷ்போர்டு என்றால் எச்டிஎம்எல்லில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் குறிப்பைத் தமிழ் என்று வையுங்கள்; இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழைக் கையில் எடுத்துக் குழறும், அல்லது தாண்டிவிடும். பெட்டித் தலைப்பின் உயரத்தைப் பிக்சலில் பூட்டாதீர்கள். ‘பயன்பாட்டாளர் எண்ணிக்கை’ இரண்டு வரியாக மடியும்போது இரண்டாம் வரி வெட்டுப்படும், எழுத்தைப் பெரிதாக்கினால் கொம்பும் சுழியும் மறையும். 320 பிக்சல் அகலத்தில் பெட்டிகள் ஒரே நெடுவரிசையாக இறங்கி வரவேண்டும்.

அமைப்பை உலாவியில் மட்டும் சேமிக்காமல் பயனரின் கணக்கில் சேமியுங்கள். கை அசைவு குறைந்து, ஒற்றை சுவிட்சை மட்டும் அழுத்தியே கணினியை இயக்கி ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தி அடுக்கியவருக்கு, வேறு கணினியில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது பெரிய இழப்பு. தவறுதலாக ‘மீட்டமை’யைத் தொட்டால் திரும்பப் பெறும் வழியும் வேண்டும்.

சோதிக்கும்போது இயல்பான அமைப்போடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மவுஸைக் கழற்றி வையுங்கள், நான்காவது பெட்டியை முதலிடத்துக்குக் கொண்டுபோங்கள், இரண்டை நீக்குங்கள், ஒன்றைச் சேருங்கள், 400 சதவீதம் பெரிதாக்குங்கள். பக்கத்தைப் புதுப்பித்து, என்விடிஏ என்ற இலவச ஸ்கிரீன் ரீடரை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ‘விற்பனை’ எண்ணைக் கண்டுபிடித்துப் பாருங்கள்.