தினம் ஒரு கேப்சூல், விடாமல்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சிக்கு மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்), விட்டுவிட்டுத் தாக்கும் வகை. அதற்கு ஃபிங்கோலிமோட் என்கிற கேப்சூல், 0.5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்று. இதைப் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தலைவலி மாத்திரை மாதிரி போட்டவுடன் எதுவும் தெரியாது, ஏற்கெனவே மரத்துப்போன காலையும் இது சரியாக்காது. லிம்போசைட் என்கிற வெள்ளை அணுக்களை நிணநீர்க் கணுக்களிலேயே நிறுத்தி வைத்து, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போய்த் தாக்கவிடாமல் தடுக்கிறது. அடுத்த தாக்குதலைக் குறைப்பதுதான் இதன் வேலை. அதனால்தான் "நல்லாத்தானே இருக்கேன்" என்று நிறுத்தத் தோன்றும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே நிறுத்தாதீர்கள், நோய் முன்பைவிட மோசமாகத் திரும்பலாம்.

முதல் கேப்சூலை டாக்டர் கண்காணிப்பில்தான் போட வேண்டும். இதயத் துடிப்பு குறையலாம் என்பதால் குறைந்தது 6 மணி நேரம் வைத்து நாடியும் பிரஷரும் பார்ப்பார்கள், முன்னும் பின்னும் இசிஜி எடுப்பார்கள். ஏர்கோனில் குளிரும், சால்வையும் சாப்பாடும் கொண்டு போங்கள். சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இல்லையென்றால் அதற்கு முன்பே தடுப்பூசி போட்டு ஒரு மாதம் பொறுக்க வேண்டும். பிறகு 3, 4 மாதத்தில் கண்ணைக் காட்ட வேண்டும், ஈரலுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் மருந்து சாப்பிடும்போதும், நிறுத்தி 2 மாதம் வரையிலும் கர்ப்பமாகக் கூடாது.

அப்புறம், விட்டுப்போன நாட்கள். ஒரு நாள் மறந்தால் மறுநாள் வழக்கமான நேரத்துக்கு ஒன்றுதான், இரண்டாகப் போடக் கூடாது. முதல் 2 வாரத்தில் ஒரு நாள் விட்டாலும், 3, 4ஆம் வாரத்தில் 7 நாளுக்கு மேல் விட்டாலும், ஒரு மாதம் தாண்டிய பிறகு 14 நாளுக்கு மேல் விட்டாலும் அந்த 6 மணி நேரத்தை மறுபடி முதலிலிருந்து உட்கார வேண்டும்.

போன தீபாவளிக்கு ஜொகூரில் மாமா வீட்டுக்குப் போனபோது மருந்து வைத்திருந்த மைலோ டின்னை வீட்டிலேயே விட்டுவிட்டோம், 3 நாள் போச்சு. பயத்தில் அவள் அழுதேவிட்டாள். இப்போது ஒரு அட்டை எப்போதும் அவள் கைப்பையில், மீதி அலமாரியில், அடுப்புச் சூடு படாத பக்கம். 10 கேப்சூல் மிச்சம் இருக்கும்போதே ஃபார்மசிக்கு நான் போன் போட்டுவிடுவேன். தபாலில் அனுப்புவார்களா என்றும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.