நோர்வே எழுத்துகள் சிதைந்து தெரியும் இணையதளத்தைச் சரிசெய்யும் முறை

நோர்வே மொழியின் நெடுங்கணக்கில் 29 எழுத்துகள் உண்டு. ஆங்கிலத்துக்கும் பொதுவான 26 எழுத்துகளுக்குப் பின் வரும் கடைசி மூன்றே இணையதளங்களில் தொல்லை தருபவை. முதலாவது, ஏ-யும் ஈ-யும் ஒன்றாக ஒட்டிய எழுத்து. இரண்டாவது, குறுக்கே கோடு பாய்ந்த ஓ. மூன்றாவது, தலைமேல் சிறு வளையம் கொண்ட ஏ. இவற்றை இங்கே முறையே ஒட்டெழுத்து, கோட்டெழுத்து, வளைய எழுத்து என்று குறிப்பிடுகிறேன்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடில் இவற்றின் சிறிய வடிவங்களுக்குரிய எண்கள் 230, 248, 229. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறையே குறியாக்கம். பழைய ஐஎஸ்ஓ 8859-1 குறியாக்கத்திலும் இவற்றுக்கு இதே எண்கள்தான். அங்கே ஓர் எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8 குறியாக்கத்திலோ ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் தேவை: 195-உம் 166-உம், 195-உம் 184-உம், 195-உம் 165-உம். ஒரு பைட்டாக எழுதியதை இரண்டாகவும், இரண்டாக எழுதியதை ஒன்றொன்றாகவும் படிப்பதால்தான் ஏறத்தாழ எல்லாச் சிதைவுகளும் நேர்கின்றன.

ஆகவே எதையும் திருத்துவதற்கு முன், திரையில் என்ன தெரிகிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில், அலைக்கோடு போட்ட பெரிய ஏ-யும் அதையடுத்து உடைந்த செங்குத்துக் கோடோ, காற்புள்ளி போன்ற சிறு கொக்கியோ, ஜப்பானின் யென் குறியோ தெரிந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை உலாவி, ஐஎஸ்ஓ 8859-1-ஐ ஒட்டிய ஒற்றைப் பைட் குறியாக்கமான விண்டோஸ்-1252 என்று எண்ணிப் படித்திருக்கிறது. 195 என்பது அலைக்கோட்டு ஏ, 166, 184, 165 ஆகியவை மற்ற மூன்று குறிகள். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் தவறு எதிர்த்திசையிலானது: ஒற்றைப் பைட் உரையை யுடிஎஃப்-8 என்று படித்திருக்கிறார்கள். இவ்விரண்டிலும் மூல உரை பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். வெறும் கேள்விக்குறி மட்டும் தெரிவதுதான் கவலைக்குரியது. இந்த எழுத்துகளே இல்லாத ஒரு குறியாக்கத்துக்கு உரையை யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்பது அதன் பொருள். அப்படி மாற்றியது சேமிப்பிலும் பதிவாகியிருந்தால், காப்புப் பிரதியிலிருந்து மீட்பதைத் தவிர வேறு வழியில்லை.

இந்த நிலையில் பலரும் தேடி மாற்றும் கருவியை எடுத்து, சிதைந்த குறிகளை ஒவ்வொன்றாக நல்ல எழுத்தாக மாற்றத் தொடங்குவார்கள். அது ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைக்கும் வேலை. எந்தக் கட்டத்தில் குறியாக்கம் பிசகுகிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

இணையப் பக்கத்திலிருந்து தொடங்குவது எளிது. உலாவியின் டெவலப்பர் கருவியில் சேவையகம் அனுப்பும், குறியாக்கத்தை அறிவிக்கும் கன்டென்ட்-டைப் தலைப்பைப் பாருங்கள். எச்டிஎம்எல் கோப்புக்குள் உள்ள மெட்டா சார்செட் வரி ஒன்றைச் சொல்ல, சேவையகத்தின் தலைப்பு வேறொன்றைச் சொன்னால், தலைப்பு சொல்வதையே உலாவி ஏற்கும். இதை மறந்துவிட்டு மெட்டா வரியை மட்டும் திரும்பத் திரும்பத் திருத்துவோர் பலர். சேவையக மென்பொருள் அப்பாச்சி என்றால் ஆட்-டீஃபால்ட்-சார்செட் என்ற அமைப்பையும், என்ஜினெக்ஸ் என்றால் சார்செட் என்ற அமைப்பையும் யுடிஎஃப்-8 ஆக வையுங்கள். மெட்டா வரி, கோப்பின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும். கோப்பும் உண்மையிலேயே யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா என்பதை உரைத்தொகுப்பானின் கீழ்ப்பட்டையில் பார்த்துவிடுங்கள். அறிவிப்பு ஒன்றும் கோப்பு வேறொன்றுமாக இருந்தால் அறிவிப்பால் பயனில்லை.

நிலையான பக்கங்கள் சரியாகத் தெரிந்து, தரவுத்தளத்திலிருந்து வரும் உரை மட்டும் சிதைந்தால், வேலை சற்று நீளும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் தன் 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கத்தை, அதாவது முழுமையான யுடிஎஃப்-8-ஐ, இயல்பாக்கியது. அதற்கு முன் இயல்பாக இருந்தது ஒற்றைப் பைட் குறியாக்கமான லத்தீன்1. பழைய தளங்களில் யுடிஎஃப்-8 உரை, நிரலைத் தரவுத்தளத்தோடு சேர்க்கும் லத்தீன்1 இணைப்பு வழியாக லத்தீன்1 நெடுவரிசைக்குள் போயிருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒரே பிழை நேர்வதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பல ஆண்டுகளுக்குத் தளம் ஒழுங்காகவே தெரியும். யாராவது இணைப்பின் குறியாக்கத்தைச் சரிசெய்யும் நாளில்தான் எல்லாம் குலையும்.

உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறிய, கோட்டெழுத்தில் முடியும் ட்ரொம்சோ நகரின் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். நோர்வே மொழியில் அதற்கு ஆறு எழுத்துகள். மைஎஸ்கியூஎலில் எழுத்துகளை எண்ணும் கேர்-லெங்த் செயற்கூற்றையும் பைட்டுகளை எண்ணும் லெங்த் செயற்கூற்றையும் அப்பெயர் உள்ள வரிசையில் இயக்கிப் பாருங்கள். எழுத்து 6, பைட் 7 என்றால் சேமிப்பு யுடிஎஃப்-8 ஆகவும் சரியாகவும் இருக்கிறது. பிழை இணைப்பிலோ பக்கத்திலோதான். இரண்டும் 6 என்றால் அது உண்மையான லத்தீன்1. இரண்டும் 7 என்றால் லத்தீன்1 நெடுவரிசைக்குள் யுடிஎஃப்-8 பைட்டுகள் ஒளிந்திருக்கின்றன. எழுத்து 7, பைட் 9 என்றால் உரை இருமுறை குறியாக்கம் செய்யப்பட்டுவிட்டது.

திருத்தும் வழியும் இதற்கேற்ப மாறும். எதைத் தொடுவதற்கு முன்னும் முழுக் காப்புப் பிரதி எடுத்து, அதன் நகலில்தான் முயல வேண்டும். உண்மையான லத்தீன்1 என்றால் அட்டவணையைக் கன்வெர்ட்-டூ கட்டளையால் நேரடியாக மாற்றலாம். அதே கட்டளையை ஒளிந்திருக்கும் யுடிஎஃப்-8 மீது ஏவினால், இருமுறைக் குறியாக்கத்தை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள். அங்கே நெடுவரிசையை முதலில் பிளாப் அல்லது வார்பைனரி வகைக்கு மாற்றி, பிறகு யுடிஎஃப்8எம்பி4 உரையாக அறிவிக்க வேண்டும். பைனரி வகைக்குக் குறியாக்கமே இல்லை என்பதால் பைட்டுகள் மாறாமல் பெயர் மட்டும் மாறும். இருமுறை குறியாக்கம் ஆன உரையை லத்தீன்1-க்கு மாற்றி, அதைப் பைனரியாகக் கொண்டு, மீண்டும் யுடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்க வேண்டும்.

ஒரே நெடுவரிசையில் சில வரிசைகள் ஒருவிதமாகவும் சில வேறுவிதமாகவும் இருப்பது அரிதன்று. நல்ல வேளையாக இவற்றைப் பிரித்தறிய முடியும்: 248 என்ற பைட் யுடிஎஃப்-8 உரையில் ஒருபோதும் வராது, 229, 230 ஆகியவை மூன்று பைட் தொடரின் தொடக்கமாக மட்டுமே வரும். ஆகவே யுடிஎஃப்-8 எனச் செல்லுபடியாகாத வரிசைகளை மட்டும் லத்தீன்1 எனக் கொண்டு தனியே மாற்றலாம்.

சேமிப்பு சீரான பின் நிரலிலும் இணைப்பை யுடிஎஃப்8எம்பி4 ஆக அறிவியுங்கள். பிஎச்பி நிரல்மொழியில் எழுதிய தளத்தில் சுருக்கவுரையின் கடைசியில் மட்டும் வைரக்குறி வந்தால், பைட் கணக்கில் வெட்டும் சப்ஸ்டர் செயற்கூறு எழுத்தை நடுவில் பிளந்திருக்கிறது. எழுத்துக் கணக்கில் வெட்டும் அதன் எம்பி வடிவத்தைப் பயன்படுத்துங்கள். ஒட்டெழுத்தும் கோட்டெழுத்தும் உள்ள கோப்புகள் திறந்து, வளைய எழுத்து உள்ள கோப்பு மட்டும் கிடைக்கவில்லை என்றால், மேக் கணினியிலிருந்து வந்த பெயரில் அது ஏ என்றும் தனி வளையம் என்றும் இரு யூனிகோடு எண்களாகப் பிரிந்திருக்கலாம்; மற்ற இரண்டுக்கும் அப்படிப் பிரியும் வடிவம் இல்லை. பிரிந்தவற்றை ஒரே எண்ணாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்குப் பெயர்களை மாற்றினால் தீரும்.

சோதிப்பதற்கு, புளூபெரி ஜாமைக் குறிக்கும் நோர்வேச் சொல்லைவிடப் பொருத்தமானது கிடையாது. மூன்று எழுத்துகளும் அந்த ஒரே சொல்லில் வருகின்றன. அதைப் படிவத்தில் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் உள்ளிட்டு, சேமித்து, தேடி, ஏற்றுமதி செய்து பாருங்கள். தேடல் பெட்டியில் லொஃபோடன் தீவுகளில் உள்ள, வளைய எழுத்து ஒன்றை மட்டுமே பெயராகக் கொண்ட ஊரையும் தட்டிப் பாருங்கள். ஏ-யில் தொடங்கும் ஊர்களெல்லாம் சேர்ந்து வந்தால் குறியாக்கத்தில் குறையில்லை. எழுத்துகளைத் தரவுத்தளம் ஒப்பிடப் பயன்படுத்தும் ஒப்பீட்டு விதி, ஏ-யையும் வளைய எழுத்தையும் ஒன்றாக எண்ணுகிறது, அதை டேனிஷ் அல்லது நோர்வே விதியாக மாற்றினால் போதும்.