துலாம்பென் கப்பலில் ஸ்கூபா மூழ்குவோர் கவனிக்க வேண்டியவை

பாலித் தீவின் வடகிழக்கில் உள்ள துலாம்பென் என்ற சிற்றூரில், கரையிலிருந்து நீந்திச் செல்லும் தொலைவிலேயே ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்க இராணுவச் சரக்குக் கப்பல் கிடக்கிறது. 1942 ஜனவரியில் லொம்போக் நீரிணை அருகே ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோவுக்கு இலக்காகி, இழுத்து வரப்பட்ட வழியில் நீர் நிறைந்துவிட்டதால் இங்கே கரையேற்றப்பட்ட அந்தக் கப்பலை, 1963இல் ஆகுங் எரிமலை குமுறியபோது எழுந்த அதிர்வுகள் கடலுக்குள் சரித்துவிட்டன. அதன் மேற்பகுதி சுமார் 5 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீட்டருக்குச் சற்றுக் குறைவான ஆழத்திலும் உள்ளன.

இங்குள்ள முதல் சவால் கரைதான். மணலுக்குப் பதிலாக உருண்டைக் கருங்கற்கள் நிறைந்திருப்பதால், கெட்டியான அடிப்பாகமுள்ள காலணி அவசியம். சும்மாடு வைத்துச் சிலிண்டரைத் தலையில் சுமந்துவரும் உள்ளூர்ப் பெண்களின் உதவியைத் தயங்காமல் பெற்றுக்கொள்ளுங்கள். அது அவர்களுடைய பிழைப்பு, உங்கள் முழங்காலுக்கும் நல்லது. சிலிண்டரின் காற்றைச் சுவாசிக்கத் தரும் ரெகுலேட்டரை வாயில் கவ்வியபடி, காலில் மாட்டும் துடுப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அலை ஓய்ந்த இடைவெளியில் இறங்கி, இடுப்பளவு நீர் வந்ததும் மிதந்தபடியே துடுப்புகளை மாட்டிக்கொள்ள வேண்டும்.

ஆழம் குறைவு என்பதால் இந்தக் கப்பல் எளிதானது என்று எண்ணுவது தவறு. நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் அழுத்தம் இரு மடங்காகி, மிதப்பைச் சரிசெய்யக் காற்று நிரப்பும் மிதவைச் சட்டையில் உள்ள காற்றின் பருமன் பாதியாகிவிடுகிறது. 20 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு இறங்கும்போதோ அது கால் பங்குதான் சுருங்குகிறது. ஆகவே மிதப்பைச் சீராக வைத்திருப்பது மேற்பகுதியில்தான் கடினம், பவளமும் அங்கேதான் அடர்ந்திருக்கிறது. எடைக்கட்டிகளைத் தேவைக்கு மேல் கட்டியவர் சட்டையில் கூடுதல் காற்றை நிரப்பி, ஏறுவதும் இறங்குவதுமாகத் தடுமாறிப் பவளத்தின் மீது மோதுவார். எனவே சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அலகு) அளவுக்குக் காற்று எஞ்சியிருக்கும் நிலையிலும் 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிற அளவுக்கு எடையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் சிறிய ஏற்ற இறக்கங்களுக்கு மூச்சே போதும். ஆனால், எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறக் கூடாது. சில மீட்டர் ஏற்றமே நுரையீரலைக் காயப்படுத்திவிடும்.

முதலில் உங்கள் சான்றிதழ் அனுமதிக்கும் ஆழத்திற்கு (தொடக்கநிலை மூழ்காளருக்கு 18 மீட்டர்) இறங்கி, காற்று குறையக் குறைய மேற்பகுதிக்கு வருவதே முறை. உடலைக் கிடைமட்டமாக வைத்து, கால்களைத் தவளைபோல் பக்கவாட்டில் உதைத்தால் கரிய எரிமலை மணல் கலங்காது. இரும்புச் சட்டங்களின் மீது வளர்ந்திருக்கும் கடல்விசிறிகள் வெறும் கண்ணுக்குச் சாம்பல் நீலமாகத் தெரியும். ஆழத்தில் நீர் சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதே காரணம். டார்ச் வெளிச்சம் பட்டதும் அவை குருதிச் சிவப்பாக ஒளிர்வதைக் காணலாம். எதையும் பற்றிக்கொள்ள வேண்டாம்: பவளம் நொறுங்கும், துருப்பிடித்த தகடு கையைக் கிழிக்கும், பாறையெனத் தோன்றுவது நச்சு முள்ளுள்ள கல்மீனாகவும் இருக்கலாம். கப்பல் உடைந்து திறந்து கிடப்பதால் உள்ளே நீந்தும் ஆசை எழும். வெளியேறும் வழியும் பகல் வெளிச்சமும் தெரியாத இடத்திற்குள், அதற்கான தனிப் பயிற்சி இல்லாதவர் நுழையக் கூடாது.

விடியற்காலையில் இறங்குவதே சிறந்தது என்பது என் கருத்து. தென்பாலியிலிருந்து வரும் கூட்டம் சேருமுன், நெற்றி புடைத்த பெரிய கிளிமீன்களைக் கூட்டமாகக் காணும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் ஒரு மணி நேரத்தில் உடல் குளிர்ந்துவிடுமாதலால் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உடலோடு ஒட்டிய நீருடை) அணிவது நலம். முடிவில், உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று, மிக மெதுவாக மேலேறுங்கள்.

எஞ்சிய நைட்ரஜன் உயரத்தில் காற்றழுத்தம் குறையும்போது உடலில் குமிழாகலாம் என்பதால், ஒன்றுக்கு மேற்பட்ட முறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள கிந்தாமணி மலைச்சாலைக்கும் இதே எச்சரிக்கை பொருந்துவதால், அன்றே ஊர் திரும்புவோர் அம்லாபுரா வழியாகச் செல்லும் உயரம் குறைந்த சாலையில் செல்லுமாறு வண்டி ஓட்டுநரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.