பிக்சல் பஃபரை விண்டோவில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எமுலேட்டரோ, ரே டிரேசரோ, சின்ன கேமோ, எதை எழுதினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: மெமரியில் ஒரு பஃபர் (தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் இடம்) நிறைய பிக்சல்கள் இருக்கின்றன, அவை விண்டோவில் தெரிய வேண்டும். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலைதான் பலரை ராத்திரி முழுக்க உட்கார வைக்கிறது. ஆனால் ஒன்று, இந்தத் தவறுகளில் பெரும்பாலானவை திரையிலேயே தங்களைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்தத் தவறு எப்படித் தெரியும் என்று பழகிவிட்டால் டீபக்கரைத் திறக்காமலே காரணத்தைச் சொல்லலாம். விண்டோஸோடு வரும் வரைகலை வசதியான ஜிடிஐ, அப்புறம் கேம் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் லைப்ரரியான எஸ்டிஎல் 2, இந்த இரண்டையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் செட்பிக்சல். அப்படி ஒரு ஃபங்ஷன் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு புள்ளியையும் அதை வைத்து வரையாதீர்கள். 640×480 விண்டோவுக்கே ஒரு ஃப்ரேமுக்கு 3,07,200 முறை கூப்பிட வேண்டியிருக்கும். உங்கள் மெமரியில் பஃபரை நிரப்பிவிட்டு, ஸ்ட்ரெச்டிஐபிட்ஸ் வழியாக மொத்தத்தையும் ஒரே தடவையில் தள்ளுங்கள். இதில் பேச வேறொன்றும் இல்லை.

அடுத்தது நிறம். போட்டோவைக் காட்டினால் ஆள் முகமெல்லாம் நீலம் பாய்ந்து கிடக்கிறதா? சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன. ஜிடிஐக்குக் கொடுக்கும் வழக்கமான 32 பிட் பஃபரில் முதல் பைட் நீலம், அடுத்தது பச்சை, மூன்றாவது சிவப்பு, நான்காவதை யாரும் சீண்டுவதில்லை. ஆனால் அதே ஜிடிஐயில் பிரஷ்ஷுக்கும் பேனாவுக்கும் நிறம் கொடுக்கப் பயன்படுகிற ஆர்ஜிபி மேக்ரோ சிவப்பை முதல் பைட்டில் வைக்கிறது! அந்த மேக்ரோவை எடுத்துப் பஃபரை நிரப்பினால் கதை கந்தல்தான். எஸ்டிஎல்லில் குழப்பம் வேறு மாதிரி: ஆர்ஜிபிஏ8888 என்ற ஃபார்மட் 32 பிட் எண்ணுக்குள் இருக்கும் வரிசையைச் சொல்கிறது, பைட் வரிசையை அல்ல. அதனால் நம் வழக்கமான பிசியில் மெமரியில் முதலில் வருவது ஆல்ஃபா, அதாவது ஒளி ஊடுருவும் அளவைச் சொல்லும் பைட். பிஎன்ஜி லோடர்கள் பெரும்பாலும் தருவது போல சிவப்பு, பச்சை, நீலம், ஆல்ஃபா என்று பைட்கள் வரிசையாக இருந்தால் ஆர்ஜிபிஏ32 என்பதைத் தேர்ந்தெடுங்கள். சோதிக்கும்போது வெள்ளையையோ பச்சையையோ போட்டுப் பார்த்துவிட்டு “சரியாக வருகிறது” என்று நம்பிவிடாதீர்கள். சிவப்பும் நீலமும் மாறினாலும் பச்சை நடுவிலேயேதான் இருக்கும். முழுச் சிவப்பைப் போட்டுப் பாருங்கள்.

படம் தலைகீழாக வந்தால் அது பிஎம்பி படக் கோப்புகளின் காலத்துப் பழக்கம். ஜிடிஐயின் பிட்மேப் ஹெடரில் உயரம் பாசிட்டிவ் எண்ணாக இருந்தால் கீழ் வரிசைதான் முதலில் இருக்கிறது என்று அர்த்தம். உயரத்துக்கு முன்னால் ஒரு மைனஸ் போட்டால் போதும். இதற்காக லூப்பைத் திருப்பி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாத வேலை.

படம் சாய்ந்து வந்தால்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு வரிசையின் அகலமும், மெமரியில் ஒரு வரிசை தொடங்கி அடுத்த வரிசை தொடங்கும் வரையுள்ள தூரமும் ஒன்றாகவே இருக்கும் என்று நினைத்துக்கொள்வதால் வருகிற கோளாறு இது. அந்தத் தூரத்தை ஸ்ட்ரைட் என்றும் பிட்ச் என்றும் சொல்வார்கள். ஜிடிஐயில் ஒவ்வொரு வரிசையும் 4 பைட்டின் மடங்காக முடிய வேண்டும். 24 பிட் படம், அகலம் 100 என்றால் வரிசைக்கு 300 பைட், நான்கால் வகுபடும், எல்லாம் நன்றாக ஓடும். அதே அகலத்தை 101 ஆக்குங்கள்: நீங்கள் 303 பைட்டாக நெருக்கி எழுதியிருப்பீர்கள், ஜிடிஐ 304 என்று படிக்கும். வரிசைக்கு ஒரு பைட் நழுவுகிறது, மூன்று வரிசைக்கு ஒரு பிக்சல் சாய்கிறது, இடையில் நிறங்களும் மூன்று வரிசைக்கு ஒரு சுற்றாக இடம் மாறி வானவில் போல ஓடும். போதாததற்கு, கடைசி வரிசையில் உங்கள் பஃபரின் எல்லையைத் தாண்டிப் படிக்கும், சில நேரம் கிராஷும் ஆகும். 32 பிட்டுக்கு மாறிவிட்டால் ஜிடிஐயில் இந்தத் தொல்லையே இல்லை. எஸ்டிஎல்லில் அப்படி நம்ப முடியாது, டெக்ஸ்சரை (எஸ்டிஎல் படத்தை வைத்திருக்கும் இடம்) எழுதுவதற்காக லாக் செய்யும்போது அது என்ன பிட்ச் தருகிறதோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அந்த எண் பைட் கணக்கு, பிக்சல் கணக்கு அல்ல. 32 பிட் பாயின்டரோடு அதை அப்படியே கூட்டினால் ஒரே தாவலில் நான்கு வரிசை போய்விடும். இன்னொன்று, லாக் செய்து கிடைக்கும் இடத்தில் பழைய படம் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது எழுதுவதற்கு மட்டும்தான்.

திரையில் எதுவும் தப்பாகத் தெரியவில்லை, ஆனால் டாஸ்க் மேனேஜரில் ஒரு கோர் முழுக்க எரிந்துகொண்டிருக்கிறது என்றால் பெயின்ட் மெசேஜை, அதாவது “விண்டோவை வரை” என்று விண்டோஸ் அனுப்பும் செய்தியை நீங்கள் கையாளும் இடத்தைப் பாருங்கள். பிகின்பெயின்ட், எண்ட்பெயின்ட் இரண்டையும் கூப்பிடாமல், கெட்டிசி வைத்து வரைந்துவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். “இந்தப் பகுதியை வரைந்தாயிற்று” என்று விண்டோஸுக்கு யாருமே சொல்லவில்லை, அதனால் அது திரும்பத் திரும்ப அதே மெசேஜை அனுப்பிக்கொண்டே இருக்கும். மினுமினுப்புக்கும் காரணம் பக்கத்திலேயே இருக்கிறது: நீங்கள் வரைவதற்கு முன் விண்டோஸ் பின்னணியை அழிக்கிறது, அந்தக் கண நேர வெறுமைதான் கண்ணில் படுகிறது. விண்டோ கிளாஸில் பின்னணி பிரஷ்ஷை NULL (எதுவும் இல்லை) ஆக்குங்கள், அல்லது அழிக்கச் சொல்லும் மெசேஜுக்கு 1 என்று பதில் கொடுத்துவிடுங்கள்.

புரோகிராம் இரண்டு நிமிஷம் நன்றாக ஓடி, பிறகு படம் கறுத்துப்போகிறதா? ஒவ்வொரு ஃப்ரேமிலும் புதிய பிட்மேப் உருவாக்கி அழிக்காமல் விடுகிறீர்கள். ஒரு புராசஸுக்கு விண்டோஸ் இயல்பாகத் தருவது 10,000 ஜிடிஐ ஹேண்டில், பிட்மேப் ஒவ்வொன்றுக்கும் அதில் ஒன்று செலவாகும். நொடிக்கு 60 வீதம் ஒழுகினால் மூன்று நிமிஷத்துக்குள் தீர்ந்துவிடும். பிட்மேப் இன்னும் ஒரு டிசியில் (ஜிடிஐ வரையப் பயன்படுத்தும் டிவைஸ் கான்டெக்ஸ்ட்) செலக்ட் ஆகியிருந்தால் டெலீட்ஆப்ஜெக்ட் வேலை செய்யாது, பழையதைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் அழிக்க வேண்டும். சொல்லப்போனால் ஃப்ரேமுக்கு ஒன்று தேவையே இல்லை, ஒரே பிட்மேப்பை உருவாக்கி வைத்துக்கொண்டு அளவு மாறும்போது மட்டும் மாற்றுங்கள். எஸ்டிஎல் டெக்ஸ்சருக்கும் இதேதான்.

அளவு விஷயத்தில் இரண்டு மூன்று பொறிகள் இருக்கின்றன. 640×480 என்று கொடுத்து விண்டோவை உருவாக்கினால் டைட்டில் பாரும் ஓரங்களும் அதற்குள்ளேயே அடங்கும், உள்ளே கிடைப்பது அதைவிடச் சிறியது. அந்தச் சிறிய இடத்தில் பஃபரைச் சுருக்கிப் பொருத்தும்போது, ஸ்ட்ரெச் மோடை நீங்கள் மாற்றவில்லை என்றால் விட்டுப்போகும் பிக்சல்களைப் பக்கத்து பிக்சல்களோடு பிட் பிட்டாக AND போட்டுவிடும், படம் அழுக்குப் பிடித்தது போல இருக்கும். தேவையான அளவை அட்ஜஸ்ட்விண்டோரெக்ட் வைத்து முதலிலேயே கணக்கிட்டுவிடுங்கள். மங்கலாக வந்தால் அது டிபிஐ, அதாவது திரையின் பெரிதாக்கும் அளவு: டிஸ்ப்ளே 150 சதவீதத்தில் இருந்து, உங்கள் புரோகிராம் டிபிஐ பற்றி எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், 800×600 படத்தை விண்டோஸே 1200×900 ஆக இழுத்துக் காட்டும். விண்டோவை மினிமைஸ் செய்தால் அகலமும் உயரமும் 0 என்று வரும், அதை வைத்து வகுத்தால் அங்கேயே புரோகிராம் படுத்துவிடும்.

கடைசியாக, டைட்டில் பாரைப் பிடித்து இழுக்கும்போது அனிமேஷன் அப்படியே உறைந்து நின்றால் உங்கள் கோடில் பிழையைத் தேடி அலையாதீர்கள். இழுத்து முடியும் வரை விண்டோஸ் தன் சொந்த லூப்புக்குள் சுற்றுகிறது, உங்கள் லூப்புக்கு முறை வராது. இழுப்பு தொடங்கும் மெசேஜில் ஒரு டைமரை வைத்து அதிலிருந்து வரையலாம். வேறு த்ரெட்டில் பிக்சல்களைக் கணக்கிடுகிறீர்கள் என்றால் இரண்டு பஃபர் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றில் எழுதி முடித்த பிறகு இடம் மாற்றுங்கள். ஆனால் எஸ்டிஎல்லின் ரெண்டரர் அழைப்புகளை மட்டும் அந்த த்ரெட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், அவை மெயின் த்ரெட்டிலேயே இருக்கட்டும்.