உங்கள் பண்ணை நீடித்து நிற்குமா? அளந்து பார்க்கும் முறை

இந்த ஆண்டு நல்ல விளைச்சல் என்பது ஒரு செய்தி. அதே மண், அதே கிணறு, அதே ஆட்களை வைத்து இன்னும் இருபது ஆண்டுகள் இப்படியே எடுக்க முடியுமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேட ஒரு தராசு, அளவு நாடா, கணக்கு நோட்டு, மண் பரிசோதனை ஆகியவை போதும்.

1. எல்லையை முடிவு செய்யுங்கள்

எந்த நிலம், எந்தக் காலம் என்று எழுதி வையுங்கள். ஒரு பயிருக்கு மட்டும் கணக்குப் போடாமல் முழு ஆண்டுக்கும் போடுங்கள். முதல் பயிருக்கு இட்ட தொழு உரம் அடுத்த பயிருக்கும் உதவும். மாடுகள் இருந்தால் தீவனமும் சாணமும் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பதும் முதலிலேயே தெளிவாக வேண்டும். இல்லையென்றால் ஒரே சத்து இரண்டு முறை வரவில் ஏறிவிடும்.

2. தழைச்சத்து (நைட்ரஜன்) வரவு செலவு

புதிதாகத் தொடங்குவோர் முதலில் செய்ய வேண்டியது இதுதான். செலவே இல்லை, ஆனால் நிறைய சொல்லும். ஒரு ஹெக்டேர் கோதுமையை எடுத்துக்கொள்வோம்.

வரவு: யூரியா 200 கிலோ. அதில் 46 சதவீதம் தழைச்சத்து, ஆக 92 கிலோ. தொழு உரம் 5 டன், 0.5 சதவீதம் என்று வைத்தால் 25 கிலோ. மொத்தம் 117.

செலவு: தானியம் 3,000 கிலோ, 2 சதவீதம் என்றால் 60 கிலோ. வைக்கோல் 3,000 கிலோவையும் வெளியே கொண்டுபோனால், 0.5 சதவீதக் கணக்கில் இன்னும் 15. மொத்தம் 75.

மிச்சம் 42 கிலோ. பயன்பாட்டுத் திறன் என்பது செலவை வரவால் வகுப்பது: 75 / 117, அதாவது 64 சதவீதம். ஐரோப்பிய தழைச்சத்து வல்லுநர் குழு 50 முதல் 90 சதவீதத்தை ஏற்கத்தக்க வரம்பாக வைத்திருக்கிறது. 50-க்குக் கீழே போனால் இட்ட உரம் நீரிலும் காற்றிலும் வீணாக வாய்ப்பு அதிகம். 90-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம்: பயிர் மண்ணின் இருப்பைத் தின்றுகொண்டிருக்கலாம்.

தவறு பெரும்பாலும் தொழு உரத்தில்தான் நடக்கிறது. "பத்து வண்டி" என்று எழுதாமல் ஒரு வண்டியையாவது எடை போடுங்கள். ஈரமான எருவும் காய்ந்த எருவும் ஒன்றல்ல. பயறு வகை பயிரிட்டால் அது காற்றிலிருந்து பிடிக்கும் தழைச்சத்தையும் வரவில் சேருங்கள். விட்டுவிட்டால் திறன் 100 சதவீதத்தையும் தாண்டிக் காட்டும்.

3. மண்ணின் கரிமச்சத்து (கார்பன்)

வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றைத் தவிர்த்து, வயலில் வளைந்து வளைந்து நடந்து 15 முதல் 20 இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை மண் எடுங்கள். நன்றாகக் கலந்து அரைக் கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.

அங்கே தரும் சதவீதம் மட்டும் போதாது. மண்ணின் அடர்த்தியும் வேண்டும். 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள இரும்பு வளையத்தை மண்ணில் இறக்கி, இரு முனையையும் கத்தியால் மட்டமாகச் சீவி, உள்ளே இருக்கும் மண்ணை 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் உலர்த்தி எடை போடுங்கள். வளையத்தின் கொள்ளளவு சுமார் 98 கன செ.மீ. எடை 137 கிராம் என்றால் அடர்த்தி 1.4.

கரிம சதவீதம் × அடர்த்தி × ஆழம் (செ.மீ.) = ஹெக்டேருக்கு டன். ஆய்வகம் 0.6 சதவீதம் என்று சொன்னால், 0.6 × 1.4 × 15 = 12.6 டன்.

உழுத மறுநாள் இதே வயலில் அளந்தால் அடர்த்தி 1.2 ஆக இறங்கி, கணக்கு 10.8 டன் என்று வரும். கரிமம் எங்கும் போகவில்லை. மண் பொலபொலத்ததால் அதே 15 செ.மீ.-க்குள் குறைவான மண்ணே இருக்கிறது. அதனால் எப்போதும் அறுவடைக்குப் பின், உழவுக்கு முன் எடுங்கள்.

4. தண்ணீர்

200 லிட்டர் டிரம் நிரம்ப 25 விநாடி ஆனால் மோட்டார் விநாடிக்கு 8 லிட்டர், மணிக்கு 28.8 கன மீட்டர் தருகிறது. 100 மணி நேரம் ஓடினால் 2,880 கன மீட்டர். 3,000 கிலோ விளைச்சலை இதால் வகுத்தால், இறைத்த தண்ணீரில் கன மீட்டருக்கு ஒரு கிலோ சொச்சம். கோடையில் நீர்மட்டம் இறங்கினால் மோட்டார் தரும் தண்ணீரும் குறையும். எனவே டிரம் சோதனையைப் பருவத்தில் இரண்டு முறையாவது செய்யுங்கள். கிணற்றின் நீர்மட்டத்தையும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் குறித்து வையுங்கள். தண்ணீரின் பயன்பாட்டுத் திறன் கூடிக்கொண்டே போக, கிணறு வற்றிக்கொண்டும் போகலாம்.

5. வருமானமும் ஆட்களும்

நிகர வருமானத்தில் குடும்பத்தாரின் உழைப்புக்கும் கூலி போட்டுக் கழியுங்கள். ஓர் ஆண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று ஆண்டைப் பாருங்கள். கூலி, பூச்சிக்கொல்லி தெளிப்பவருக்குக் கையுறை, முகக்கவசம் உண்டா, நிலத்தின் மீது எழுத்துப்பூர்வ உரிமை உண்டா என்பதும் பதிவாக வேண்டும்.

6. மதிப்பிடுதல்

ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 2.4.1 என்ற குறியீடு இதற்கென்றே இருக்கிறது. பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் என்ற மூன்றின் கீழ் 11 துணைக் குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு. உங்கள் நோட்டிலும் இப்படியே நிறம் போடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி மதிப்பெண் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. நல்ல லாபத்துக்குக் கிடைத்த மதிப்பெண், வற்றும் கிணற்றை மறைத்துவிடும். சிவப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் கை வையுங்கள்.

தழைச்சத்து, தண்ணீர், வருமானக் கணக்குகளை ஆண்டுதோறும் போடுங்கள். கரிமச்சத்து மெதுவாக மாறுவது. அதை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, அதே இடங்களில், அதே ஆய்வகத்தில், அதே முறையில் பார்த்தால் போதும்.